நீங்க எந்தத் தோட்டம்?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் அறை திறக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் கிடையாது. கைப்பேசிக்குள் இருக்கும் அறை. சுங்கைப்பட்டாணியில் என் கடையில் உட்கார்ந்து நான் ஒரு பாட்டைப் போட்டால் அதே நொடியில் குருணிலும் பெண்டாங்கிலும் பினாங்கிலும் இருபது பேருக்குக் குறையாமல் அதைக் கேட்பார்கள். பாட்டு ஓடும்போது எல்லோரும் மைக்கை மூடிவிட வேண்டும் என்பது விதி. முடிந்ததும் திறந்து பேசலாம். கோவிட் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பொழுது போகாமல் ஆரம்பித்தது. அடைப்பு நீங்கிய பிறகும் எங்களுக்கு விட மனசு வரவில்லை.

என் பெயர் யோகேந்திரன். ஃபோட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். சங்கீதம் படித்தவன் கிடையாது. ஆனால் அறையைத் திறப்பவன் நான்தான் என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னும் பின்னும் நாலு வார்த்தை பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நாலு வார்த்தைக்காக சனிக்கிழமை முழுக்க எதையாவது தேடிப் படித்து வைப்பேன். பாட்டு மூன்று நிமிடம், உங்கள் பேச்சு முப்பது நிமிடம் என்று என் மனைவி நவமணி சொல்லிக் காட்டுவாள். நான் சொல்லப்போவது தேவகி அக்காவின் கதை. இருந்தாலும் என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

தேவகி அக்கா குருணில் இருக்கிறார். பத்தொன்பது வயதில் அங்கே ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஐம்பத்து மூன்று வயதில் சூப்பர்வைசர். எங்கள் அறைக்கு முதல் நாளிலிருந்தே வருபவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஏதாவது ஒரு நுணுக்கத்தைச் சொல்லுவார். இரண்டாவது சரணத்தில் ஒரு இடத்தில் தபேலா சும்மா இருக்கிறது, கவனித்தீர்களா தம்பி என்று ஒருமுறை கேட்டார். நூறு தடவை கேட்ட பாட்டு அது. நான் கவனித்ததே இல்லை. மறுவாரம் வேறொரு கூட்டத்தில் அதை என் கண்டுபிடிப்பாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன்.

அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். அக்கா முதல் நாள் சொன்னது, சொந்த ஊர் எஸ்பி டவுன் என்று. சுங்கைப்பட்டாணியை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். என் ஊர்க்காரர் ஆயிற்றே, எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்காததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையில் அக்கா பிறந்தது டவுனில் இல்லை. சிடாம் கிரியைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு தோட்டத்தில், லயத்தில். தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளை இங்கே லயம் என்போம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவும் அண்ணன் காளிதாசனும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் பத்து வயது வித்தியாசம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அண்ணன். தங்கச்சியாவது படிக்கட்டும் என்று, விடிவதற்கு முன் சைக்கிளில் அவரை பஸ் வரும் பெரிய சாலை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மரத்துக்குப் போவார். வழியெல்லாம் ஏதாவது பாடிக்கொண்டே மிதிப்பார். மாலையில் கழுவிய பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார். தட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் யாருமில்லை. கோயில் பஜனையில் தபேலா வாசிப்பவர் வராத நாட்களில் இவருடைய வாளிதான் தபேலா.

டவுன் பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருநாள் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். லயத்து வாடை அடிக்கிறதாம். சொன்னவளும் தமிழ்ப் பெண்தான். அன்றிலிருந்து அக்கா தினமும் இரண்டு முறை குளித்தார், பவுடரை அள்ளிப் பூசினார். அண்ணனின் சைக்கிளில் ஏறும்போது அவர் சட்டையில் முகம் படாமல் தள்ளி உட்கார்ந்தார். குருணுக்கு வேலைக்கு வந்ததும், ஊர் எது என்று கேட்டவர்களிடம் எஸ்பி டவுன் என்றார். யாரும் சந்தேகப்படவில்லை. பொய் அவ்வளவு சுலபமாக இருந்ததே அக்காவுக்கு வினையாகிப் போனது.

கல்யாணத்தின்போது மட்டும் மறைக்க முடியவில்லை. கணவர் சசிதரன் நல்ல மனிதர், வாய் திறக்காதவர். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசினார். சோறு குழைந்தாலும் லயத்துப் புத்தி, பிள்ளை அழுதாலும் லயத்துப் புத்தி. மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. அந்த வார்த்தை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

காளிதாசன் அண்ணன் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. லயத்தில் ஆறு வீட்டில்தான் ஆள் இருக்கிறது, மற்றதெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. அங்கே லைன் கிடைக்காது. ஹென்போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் இரண்டு வார்த்தை பேசலாம். அதனால் அடைப்பு நீங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பழைய மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு குருணுக்கு வருவார். எதற்கு? எங்கள் அறையில் பாட்டுக் கேட்க. அக்கா கைப்பேசியை மேசைமேல் வைப்பார், அண்ணனுக்கு பால் ஊற்றாத கோப்பி ஓ ஒன்று கொடுப்பார். அண்ணன் காலி பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருப்பார்.

அண்ணன் வந்த முதல் வாரமே அக்கா அவரிடம் சொல்லிவிட்டார். மைக் திறந்திருக்கும்போது நீங்கள் பேசாதீர்கள் அண்ணே, எல்லாம் தோட்டத்துக்கு வெளியில் உள்ளவர்கள், படித்தவர்கள். அண்ணன் வாயைத் திறந்தால் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும், தன் குட்டு உடைந்துவிடும் என்பதுதான் பயம். அண்ணன் சரி என்று தலையாட்டினார். நான்கு வருடம் அந்த வீட்டில் உட்கார்ந்து எங்களோடு பாட்டுக் கேட்டார். திரையில் இருபத்து மூன்று பேர் என்று காட்டும்போது உண்மையில் நாங்கள் இருபத்து நான்கு பேர். எங்கள் யாருக்கும் அது தெரியாது. இதையெல்லாம் அக்கா பிறகுதான் சொன்னார்.

அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. மெதுவாகத் தொடங்கி நடுவில் வேகம் பிடிக்கும் ஒரு பழைய படப் பாட்டைப் போட்டிருந்தேன். பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. பதிவில்தான் கோளாறோ என்று நினைத்தேன். பார்த்தால் தேவகி அக்காவின் பெயரைச் சுற்றிப் பச்சை வட்டம் மின்னிக்கொண்டிருந்தது. மைக்கை மூட மறந்துவிட்டார். தபேலா விட்ட இடத்தில் அந்தத் தட்டும் விட்டது. தபேலா திரும்பி வந்த இடத்தில் ஒரு மயிரிழை பிசகாமல் அதுவும் வந்தது. அறையைத் திறந்தவன் என்ற முறையில் அக்காவின் மைக்கை நானே மூடியிருக்கலாம். மூட மனசு வரவில்லை. பாட்டை விட்டுவிட்டு அந்தத் தட்டைத்தான் கேட்டேன்.

அந்த வாரம் பார்த்து எங்கோ ஒரு கட்டுரையில் லயம் என்ற சொல்லைப் படித்து வைத்திருந்தேன். சங்கீதத்தில் லயம் என்றால் தாளத்தின் ஓட்டம், காலக்கணக்கு. பெரிய வித்வான்கள் பேசுகிற சொல். அதை எங்கே இறக்கலாம் என்று காலையிலிருந்து இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்தேன்.

“தேவகிக்கா, இத்தன நாளா மறைச்சிட்டீங்களே. இப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சிச்சு. ஒங்க ரத்தத்துலயே லயம் இருக்கு.”

பிறகு அக்காவின் குரல் வந்தது. எனக்குப் பழக்கமான குரலாக அது இல்லை.

“யாரு சொன்னது ஒங்களுக்கு?”

அடக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன் நான். “யாரு சொல்லணும்க்கா? கேட்டாலே தெரியுதுலா.”

“எனக்கும் லயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நான் எஸ்பி டவுன்ல பொறந்து வளந்தவ. லயத்துல எனக்கு யாரும் இல்ல.”

பினாங்கில் அமண்டா என்று ஒரு டீச்சர், சின்னப் பெண். அவள்தான் முதலில் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தாள். யோகா அங்கிள் தாளத்தைச் சொல்கிறார் அக்கா, தோட்டத்து லயத்தைச் சொல்லவில்லை என்று விளக்கினாள். அவ்வளவுதான், அறை முழுக்கச் சிரிப்பு. அக்கா எங்கே போய்விட்டார் பாருங்கள் என்று ஒருவர், லயத்துக்கும் லயத்துக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார் என்று இன்னொருவர். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் நான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் கிளம்புகிறேன்மா என்று ஓர் ஆண் குரல் தாழ்வாகச் சொன்னது. கதவு திறந்தது. மோட்டாரை உதைக்கும் சத்தம். முதல் உதைக்குக் கிளம்பவில்லை. இரண்டாவது உதைக்குக் கிளம்பியது. சத்தம் தெருக்கோடி வரை போய்த் தேய்ந்து மறைவது வரை எங்கள் இருபத்து மூன்று பேருக்கும் கேட்டது. அக்காவின் மைக் அப்போதும் திறந்துதான் இருந்தது. திரையில் எண்ணிக்கை குறையவில்லை. போனவர்தான் எங்கள் கணக்கிலேயே இல்லையே.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. போனவர் யார் என்று தெரியாவிட்டாலும், அக்கா சொன்னது பொய் என்று ஒரு மூச்சில் தெரிந்துவிட்டது. தாளத்தைப் பற்றிப் பேசும்போது தோட்டத்து லயம் யாருக்கு முதலில் காதில் விழும்? அதில் பிறந்து, அதை மறைத்து வாழ்கிறவர்களுக்குத்தான். எனக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும். நானும் லயத்தில் பிறந்தவன். குருண் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாலாவது லயம், கடைசி வீடு. சுங்கைப்பட்டாணியில் கடை போட்டபோது யாரோ எந்த ஊர் என்று கேட்டதற்கு இதே ஊர்தான் என்று வாயில் வந்துவிட்டது. அதையே பிடித்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டிவிட்டேன். அக்காவிடம் எந்தத் தெரு என்று நான் கேட்காததும் அதனால்தான், அவர் திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். என் பக்கத்தில் யாரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டதில்லை. என்னை யாரும் லயத்துப் புத்தி என்று சொன்னதில்லை. அக்காவின் பொய்க்கு இருக்கும் காரணம்கூட என் பொய்க்குக் கிடையாது.

நானும் லயத்துக்காரன்தான் அக்கா என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். சொல்லவில்லை. அடுத்த பாட்டைப் போட்டேன்.

புதன்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் மேலே எழுதியிருக்கும் அத்தனையையும் அன்றைக்குத்தான் சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் கேட்பதற்கு லேசாக இருந்திருக்கும். திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அண்ணன் வாசலில் உட்கார்ந்து செம்பனைக் குலை வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாராம். வா தங்கச்சி என்றார். இவர் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச்சை எடுத்தார்.

“பாட்டு சத்தத்துல நீ பேசுனது ஒன்னும் எனக்கு வெளங்கலம்மா. மறுபடியும் மழ வரும்னு கெளம்பிட்டேன்.”

அண்ணன் சொன்னதை அக்கா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். பிறகு சொன்னார்.

“பாட்டு முடிஞ்சிருச்சே தம்பி. அப்ப ஒரு சத்தமும் இல்லியே. காதுல விழலன்னு சொல்றவருக்கிட்ட நான் எப்படி மன்னிப்புக் கேக்கறது?”

அண்ணன் கோப்பி கலக்கிக் கொடுத்தாராம். பின்கட்டில் காய்த்த ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் போட்டு, இருட்டுவதற்குள் போய்ச் சேர் என்று அனுப்பிவைத்தாராம். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார் என்றார் அக்கா. நான் என்ன செய்யட்டும் தம்பி என்று என்னைக் கேட்டார். என் கதையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது. என் பெயர், என் கடை எல்லாம் அக்காவுக்குத் தெரியும், என் லயம் மட்டும் தெரியாது. கொஞ்ச நாள் போனால் எல்லாம் சரியாகிவிடும் அக்கா என்றேன். சொல்ல ஒன்றும் இல்லாதவன் சொல்லும் வார்த்தை அது.

அடுத்த ஞாயிறு அண்ணன் குருணுக்கு வரவில்லை. மோட்டார் டயர் பஞ்சராம். அதற்கடுத்த ஞாயிறு மழையாம். மூன்றாவது ஞாயிறு காரணமும் சொல்லவில்லை. அக்கா மட்டும் அறைக்கு வந்தார், மைக்கைத் திறக்கவே இல்லை.

நான்காவது ஞாயிறு நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அக்காவின் பெயர் திரையில் வந்தது. வந்தவுடன் மைக் திறந்தது. காற்றுச் சத்தம், எங்கோ ஒரு சேவல் கூவும் சத்தம். பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் பேசலாமா என்று அக்கா கேட்டார். நான் சரி என்றேன்.

“நான் தோட்டத்துலேருந்து பேசுறேன். தண்ணித் தொட்டிக்கிட்டதான் இங்க லைன் கெடைக்கும். அன்னிக்கு நான் சொன்னது பொய். நான் பொறந்தது இந்த லயத்துலதான். டின்ன தட்டுனதும் நான் இல்ல. எங்க அண்ணன், காளிதாசன். நாலு வருசமா எங்க வீட்டுல உக்காந்து ஒங்க எல்லாரோடயும் பாட்டு கேட்டாரு. பேச வேணாம்னு சொல்லி வச்சது நான்தான். லயத்துல எனக்கு யாரும் இல்லன்னு சொன்னப்ப அவரு பக்கத்துலதான் இருந்தாரு. இப்பவும் பக்கத்துல இருக்காரு.”

நிறுத்தாமல் சொல்லி முடித்தார். அமண்டா மெல்ல, ஹலோ அங்கிள் என்றாள். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். அக்கா இவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டார். இனி நான் சொல்வதற்கு என்ன தடை? மைக்கைத் திறந்துவிட்டேன். நானும்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

காளிதாசன் அண்ணன். நான்கு வருடத்தில் முதல்முறையாக எங்கள் அறையில் பேசினார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். பாட்டெல்லாம் நல்லா இருக்கு என்றார். பிறகு என்னைத் தேடினார்.

“யோகேந்திரன் தம்பிதானே? ஒங்க பேச்ச நாலு வருசமா கேட்டுருக்கேன். நீங்க வேகமா பேசறப்ப நம்ம பக்கத்து ஆளு மாதிரியே இருக்கும். தங்கச்சிக்கிட்டகூட சொல்லியிருக்கேன். நீங்க எந்தத் தோட்டம் தம்பி?”

அதில் குத்தல் எதுவும் இல்லை. தோட்டத்தில் பிறந்த இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது அதுதான். சாப்பிட்டீங்களா என்பதைவிட முன்னால் வரும் கேள்வி. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் யார் வீட்டுக்குப் பெண் கொடுத்தார்கள், யார் வீட்டில் எடுத்தார்கள் என்று உறவே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த மனிதர் நான்கு வருடமாக இந்த ஒரு கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு டின்னைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரையைப் பார்த்தேன். இருபத்து மூன்று பெயர்கள். அதில் மூன்று பேர் என் கடைக்கு வருகிறவர்கள்.

“எனக்கு எஸ்பிதாண்ணே,” என்றேன். “டவுன்லயே பொறந்து வளந்தவன்.”

அக்கா அன்று சொன்ன அதே சொற்கள். என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பொய்யைச் சொன்ன அக்காவுக்கு, அடுத்தவன் சொன்னால் தெரியாதா?

காளிதாசன் அண்ணன்தான் பேசினார். தங்கச்சியிடம், காதில் விழவில்லை என்று சொன்னபோதும் இப்படித்தான் பேசியிருப்பார்.

“ஓ, அப்படியா. சரி தம்பி. நீங்க பாட்டு போடுங்க.”

போட்டேன். எது என்றுகூடப் பார்க்கவில்லை, கை பட்ட பாட்டைப் போட்டேன். அண்ணனும் தங்கச்சியும் மைக்கை மூடவில்லை. முதல் வரி முடிவதற்குள் டின் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. விதிப்படி மூடச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. என் மைக்கை மட்டும் மூடிக்கொண்டேன்.